ஆத்திர அவசரத்துக்கு வைத்த வீல்

உங்கள் பட்டறையின் பின்பக்கம் ஒரு மூலை இருக்கும். இப்போதே எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். அங்கே சில பழைய வீல்கள் சுவரில் சாய்ந்து கிடக்கும். போக்ஸ் கம்பி போனது, கோட்டம் விழுந்தது, எதற்காக அங்கே வந்தது என்று யாருக்குமே நினைவில்லாதது. ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்று கேளுங்கள். "ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்பார்கள். இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் உச்சந்தலை சூடாகிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்களைச் சைக்கிளில் ஏற்றி, மலைப்பாதை வழியாகப் பழனிவரை இறக்கிக் கூட்டிவரும் கம்பெனி ஒன்றில் நான் பட்டறைப் பொறுப்பில் இருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். கையில் ஸ்பேனரும் முழங்கைவரை கிரீஸுமாக நிற்கும் என்னிடமே வந்து, "ஏம்மா, மெக்கானிக் எங்க?" என்று கேட்டவர்கள் ஏராளம். "டீ குடிக்கப் போயிருக்காரு, வந்துருவாரு" என்று சொல்லிவிட்டு நானே பிரேக்கைப் பிரித்துப் போடுவேன். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. கோபத்தைக் கண்ட இடத்தில் செலவழித்துவிட்டால் தேவைப்படும்போது இருக்காது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போலக் கீழிருந்து மலையேறியவர்கள். பழனி, ஆயக்குடி, ஒட்டன்சத்திரம் பக்கம் சைக்கிள் கடையில் கை பழகியவர்கள். அங்கே ஓடுவது கறுப்புச் சைக்கிள், இரும்பு ரிம். கொய்யாக் கூடையைக் கட்டிக்கொண்டு சமதரையில் போகும். சந்தைக்குள் நுழையும்போதுதான் பிரேக்கே பிடிப்பார்கள், அதற்கும் பாதிப் பேர் செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்திக்கொள்வார்கள். அந்த ரிம் துருப்பிடித்துச் சாகுமே தவிர தேய்ந்து சாகாது. அதனால் கீழே பழகிய ஆளிடம் ரிம்மைப் பார்க்கச் சொன்னால், வீலைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிக் கோட்டம் பார்ப்பான். நேராகச் சுற்றினால் ரிம் நன்றாக இருக்கிறது என்று முடித்துவிடுவான். பிரேக் பிடிக்கவில்லை என்றால் கட்டையை மாற்றுவான். மறுபடி பிடிக்கவில்லை என்றால் மறுபடி கட்டையைத்தான் மாற்றுவான். கட்டை எதன்மேல் உரசித் தேய்கிறதோ அதுவும் தேயுமே என்று அவனுக்குத் தோன்றாது.

மலையில் ஓடுவது அலுமினிய ரிம். பிரேக் கட்டைகள் அதன் இரண்டு பக்கச் சுவரையும் நெருக்கிப் பிடிக்கின்றன. மஞ்சு இறங்கிய ரோட்டில் ஈரமும் பொடிமணலும் கட்டையில் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சுவரை அரம் போட்டு ராவுகின்றன. சுவர் மெலிந்து உள்வாங்கிக் குழிகிறது. மேலாகப் பார்த்தால் பளபளவென்று மின்னும். "புதுசாட்டம் இருக்கே" என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, இடுக்கில் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த ரிம்மின் கதை முடிந்தது. டயருக்குள் இருக்கும் அத்தனை காற்றையும் வெளியே போகாமல் பிடித்து நிறுத்துவது அந்தச் சுவர்தான். இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க ரிம் சூடாகும், காற்று விரியும், மெலிந்த சுவர் வெளிப்பக்கமாகப் பிய்த்துக்கொள்ளும். முன் வீலில் அது நடந்தால், என்ன நடந்தது என்று தெரிவதற்குள் ஆள் தரையில் இருப்பார். ரிம்மைத் தொடாத டிஸ்க் பிரேக் வந்துவிட்டதே அக்கா என்று சொல்வீர்கள். வந்திருக்கிறது. உங்கள் மூலையில் கிடப்பது எது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அந்த வருஷம் மழை விட்ட பிறகு எல்லாச் சைக்கிளையும் பிரித்துப் பார்த்தபோது ஒரு முன் வீலில் என் விரல் குழியில் இறங்கியது. ஸ்கேலை வைத்தேன், வெளிச்சம் வந்தது. சுவரின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலும் இருந்தது. வீலைக் கழற்றி முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கொடைக்கானலிலேயே படித்து வளர்ந்தவர், என்னைவிட வயதில் சின்னவர். ஆளைக் குறை சொல்லக் கூடாது, யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார்.

"ஓகேக்கா, நீங்க சொன்னா சரி. கழட்டிருங்க. ஆனா தூக்கிப் போட்றாதீங்க. ஓரமா கெடக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு ஆகும்."

"சார், இது எதுக்குமே ஆகாது. விரிசல் விட்டுருக்குங்க."

"ஜஸ்ட் ஒரு ஸ்பேரா கெடக்கட்டும்க்கா. டென்ஷன் ஆகாதீங்க."

டயரின்மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, அதை மூலையில் சாய்த்தேன். அந்தக் குறியைப் பட்டறையில் எல்லாருக்கும் காட்டினேன். மகேஸ்வரிக்கும் காட்டினேன்.

மகேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடகவுஞ்சிப் பெண். வீட்டில் பூண்டும் பீன்ஸும் போடுகிறவர்கள். எங்கள் கம்பெனியில் குழுவுக்கு முன்னால் போகிறவள் அவள்தான். எந்த வளைவில் மண் சரிந்திருக்கும், எங்கே மாடு படுத்திருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். புறப்படும் முன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "நான் போற தடத்துலயே வாங்க, நான் பிரேக் பிடிச்சா பிடிங்க, என்னை முந்தாதீங்க" என்று சொல்லுவாள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலத் தலையாட்டுவார்கள். அந்த வேலை அவளுக்கு உயிர். பூண்டுக் காட்டுக்குத் திரும்பிவரச் சொல்லி வீட்டில் எவ்வளவோ கேட்டும் அவள் போகவில்லை.

சீசன் நேரம். பழனியில் புது ரிம் வந்திருப்பதாகக் கடைக்காரர் போன் பண்ணியிருந்தார். வெள்ளனே முதல் பஸ் பிடித்துக் கீழே இறங்கிவிட்டேன். நான் போன பிறகு நடந்ததை மகேஸ்வரி பின்னால் சொல்லித்தான் தெரியும். குழு புறப்படும் நேரத்தில், முற்றத்தில் ரிவர்ஸ் எடுத்த வேன் ஒன்று, ஒரு விருந்தாளிக்காக நிறுத்தியிருந்த சைக்கிளின் முன் வீலில் ஏறிவிட்டது. வீல் அப்பளமாகிவிட்டது. மாற்று வீல் எல்லாம் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

முதலாளி சொல்லியிருக்கிறார், "பின்னாடி ஒண்ணு கெடக்குல்ல, அதைப் போட்டு விடும்மா."

"சார், அதுல அக்கா குறி போட்டுருக்காங்க."

"ஒரு நாளைக்குத்தான. ஆத்திர அவசரத்துக்குத்தான அதை வச்சிருக்கோம். புதுக் கட்டை போட்டு, காத்தை ஃபுல்லா அடிச்சிரு."

புதுக் கட்டை இன்னும் நன்றாகக் கவ்வும். முழுக் காற்று இன்னும் நன்றாக நெருக்கும். செத்துக்கொண்டிருக்கிற ரிம்முக்கு இதைவிட வேகமாக வழியனுப்பு விழா நடத்த முடியாது. மகேஸ்வரிக்கு அது விருந்தாளிக்கு ஆகாது என்ற அளவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் தன் சைக்கிளின் நல்ல வீலைக் கழற்றி விருந்தாளிக்குப் போட்டுவிட்டு, இந்த வீலைத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டாள்.

நான் ரிம்களை மடியில் வைத்துக்கொண்டு மதியத்துக்கு முன்பே பழனியிலிருந்து பஸ் ஏறினேன். எதிரே குழு வரும், பஸ்ஸிலிருந்தே கையாட்டலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சவரிக்காட்டுக்கு மேலே ஒரு வளைவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் வண்டிகள். எங்கள் கம்பெனிச் சட்டை தெரிந்ததும் ரிம்களை அப்படியே சீட்டில் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

மகேஸ்வரி மலைப்பக்கத்து வாய்க்காலில் கிடந்தாள். பள்ளத்துப் பக்கம் போகாமல் ஹேண்டிலை மலைப்பக்கம் ஒடித்திருக்கிறாள், அந்த ஒரு நொடியில் அதைச் செய்ததால்தான் உயிரோடு இருக்கிறாள். வலது கை இருக்க வேண்டிய மாதிரி இல்லை. முன் வீலின் சுவர் பட்டையாகப் பிய்ந்து பிரேக்கில் சுருண்டு மாட்டியிருந்தது. அந்த வீலைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. குறி இல்லை, ஆனால் நான் தடவிப் பார்த்த ரிம்மை எனக்குத் தெரியாதா.

அவள் மட்டும் விழவில்லை. அவளுக்கு நேர் பின்னால் வந்த மதுரைக்காரர் அவள்மேல் ஏறாமல் இருக்க ஒடித்து, ரோட்டோரக் கட்டைச்சுவரில் போய் மோதியிருந்தார். முழங்கால் கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அவர் மனைவி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். சத்தம் போடவில்லை.

"அந்தப் பொண்ணு தன் தடத்துலயே வரச் சொன்னாங்க. அதான் வந்தோம்."

எங்கள் குழுவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஜீப் வரும். அதில் இரண்டு பேரையும் ஏற்றிப் பழனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் இது வரும். ஜீப் போனதும் மிச்சப் பேர் சைக்கிளை நிமிர்த்த ஆரம்பித்தார்கள். பாதித் தூரம் வந்தாயிற்று, மெதுவாக இறங்கிவிடலாம் என்றார்கள். ஒருவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அந்த வளைவில் சிக்னல் வந்து வந்து போனது, அதற்குள் ஜீப் டிரைவர் சொல்லி முதலாளியின் போன் வந்துவிட்டது.

"அக்கா, நீங்க அங்க இருக்கறது நம்ம லக். மிச்சப் பேரை நீங்களே கூட்டிட்டு மெதுவா இறங்கிருங்க. நம்ம பேரு கெட்டுரக் கூடாது."

"ஒருத்தரும் ஏற மாட்டாங்க சார். வேன் அனுப்புங்க."

"சீசன்க்கா, வேனுக்கு எங்க போறது? மத்த சைக்கிள் எல்லாம் நீங்க பாத்ததுதான?"

"நேத்து பாத்தது. இன்னிக்குக் காலையில நான் இல்லாதப்ப என்னென்ன மாத்துனீங்கன்னு எனக்கு என்னங்க தெரியும்?"

அவர் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது, நல்லதாகப் போயிற்று. யாரும் என் பேச்சைக் கேட்டு நிற்கிற மாதிரித் தெரியவில்லை. வரிசையாகப் போய் ஒவ்வொரு சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்றை இறக்கிவிட்டேன். ஒருவர் என்னைப் பற்றிப் போலீஸில் சொல்லப் போவதாகச் சொன்னார். சொல்லுங்கள், அவர்கள் வண்டியிலாவது கீழே போகலாம் என்றேன். ரயில்காரரை எதிரே வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மற்றவர்கள் ஜீப் திரும்பி வரும்வரை வெயிலில் உட்கார்ந்து என்னைத் திட்டினார்கள். கேட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு விபத்து நடந்ததும் யார் மேல் தப்பு என்று தேடுவது உங்கள் முதல் வேலை இல்லை. அடுத்த ஆளை ஏறவிடாமல் நிறுத்துவதுதான் முதல் வேலை. அதற்குக் கெட்ட பேர் வரும், வாங்கிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மகேஸ்வரிக்கு மணிக்கட்டிலும் தோள்பட்டை எலும்பிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"அக்கா, சாக்பீஸை அழிச்சது நாந்தான். கஸ்டமர் பாத்தா பயந்துருவாங்கன்னு."

"பயப்படட்டுமே. பயப்பட வேண்டியதுதான?"

"எனக்கு ரோடு தெரியும்லக்கா. மெதுவாப் போனா சமாளிச்சிரலாம்னு நெனச்சேன். வந்தா எனக்குத்தான வரும்னு."

அடிபட்டுக் கிடக்கிற பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. எனக்கு அது வரவில்லை. "ஏத்தா, ரோடு உனக்குத் தெரியும், ரிம்முக்குத் தெரியுமா? எல்லாரையும் ஓம் பின்னாடியே வரச் சொல்லிட்டு, வந்தா எனக்குத்தான் வரும்னு எப்படி நெனச்ச? அடுத்த கட்டில்ல படுத்திருக்காரே, அவரு யாரு?" என்று கேட்டேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். போனேன். வராந்தாவில் நின்று நானும் அழுதேன் என்பதை மறைக்கவில்லை, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான கோபம் வர ஆரம்பித்தது. வராந்தாவில் முதலாளி பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல வீலைக் கஸ்டமருக்குக் குடுத்துட்டு, கெட்டதைத் தான் எடுத்துக்கிட்டா. இந்தக் காலத்துல யாரு செய்வா? தங்கமான பொண்ணு." கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவரும் கலங்கித்தான் நின்றார். ஆனால் அந்த வீல் எங்கிருந்து வந்தது, யார் எடுக்கச் சொன்னது என்று ஒருவருமே கேட்கவில்லை. பாராட்டுக்கு அப்படி ஒரு வசதி இருக்கிறது. ஒரு பெண்ணைத் தெய்வமாக்கிவிட்டால் அந்த மூலையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

கட்டு இன்னும் பிரிக்காத நிலையில் கம்பெனி முற்றத்தில் அவளுக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அவள் படத்தோடு ஃபிளெக்ஸ் கட்டி, நாற்காலி போட்டு, விருந்தாளிகளையும் உட்கார வைத்திருந்தார்கள். அவள் வலது கை கழுத்துத் தொட்டிலில் கிடந்தது. கட்டைவிரல் மடங்குமா என்பதைக் கட்டுப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டைவிரல் மடங்காவிட்டால் ஹேண்டிலைக் கவ்விப் பிரேக் பிடிக்க முடியாது, பிரேக் பிடிக்க முடியாவிட்டால் குழுவுக்கு முன்னால் போக முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலாளி ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றை அவள் தோளில் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். பிறகு, புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"நம்ம கம்பெனில எல்லாரும் மகேஸ்வரி மாதிரி இருக்கணும்" என்றார்.

கை தட்டினார்கள். நான் எழுந்து பின்பக்கம் போனேன். அந்தப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் நாளைக்கு அவளைப் போல இருந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் போனேன். மூலையில் வீல்கள் அப்படியே கிடந்தன. மகேஸ்வரியைத் தள்ளிய வீலும் அங்கேதான் இருந்தது. பிய்ந்த பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, நடுவிலிருக்கும் ஹப்பு நன்றாக இருக்கிறது என்று யாரோ துடைத்து வேறு வைத்திருந்தார்கள். அங்கே கிடந்ததை எல்லாம் இரண்டு நடையாக முற்றத்துக்குத் தூக்கி வந்து நாற்காலிகளுக்கு முன்னால் போட்டேன். ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முதல் ரிம்மில் வைத்து இழுத்தேன்.

முதலாளி குனிந்து என் காதருகே வந்தார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, ப்ளீஸ். கெஸ்ட் எல்லாம் இருக்காங்க. இப்ப வேணாமே."

"இப்பத்தாங்க வேணும். குறி போட்டா அழிக்கிறாங்க. அறுத்துட்டா ஒட்ட வைக்க மாட்டாங்க."

"அதுல பாதி நல்ல வீலுக்கா."

"எந்தப் பாதின்னு சொல்லுங்க, அதை மட்டும் விட்டுர்றேன்."

அவருக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது, அதுதான் அந்த மூலையின் லட்சணம். நான் மறுபடி இழுத்தேன். ஆனால் கோபத்தில் ஒரு விஷயத்தை மறந்திருந்தேன். வட்டமான சாமான் ஒற்றை ஆளுக்கு நிற்காது. பிளேடை இழுக்க இழுக்க ரிம் உருண்டது, காலை வைத்து மிதித்தால் நழுவியது. முற்றம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதவிக்கு ஒருவரும் எழவில்லை. எழுந்தால் முதலாளி பார்ப்பாரே. உங்களைப் போலத்தான் அந்தப் பிள்ளைகளும், வேலைக்குப் புதிது.

மகேஸ்வரி நாற்காலியிலிருந்து எழுந்தாள். தோளிலிருந்த பொன்னாடையை இடது கையால் இழுத்து எடுத்து, என் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். தேய்ந்த ரிம்மின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். பொன்னாடையைக் கை வெட்டாத அளவுக்கு ரிம்மில் சுற்றி, அதைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரிம் அசையாமல் நின்றது.

"வெரசா அறுங்கக்கா" என்றாள். "இன்னும் நெறையாக் கெடக்கு."